கூடைக்குள் இருப்பது பெட்டையா, சேவலா?

சம்பளம், வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி என்றே இந்தப் பகுதியில் எழுதி வருகிறோம். இன்று கோழிக் குஞ்சைப் பற்றி எழுதப் போகிறோம். சங்கத்துக்காரர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், கீழே வரும் சங்கதியைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

போன வருடம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கிளைக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து லயத்துப் பக்கம் காப்பி குடிக்கப் போனால், ஒரு வீட்டின் பின்னால் ஒரே கூவல். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்குகிறது. "என்னக்கா, சேவல் பண்ணையா வச்சிருக்கீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டோம். அந்த அக்கா சிரிக்கவில்லை.

"அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன் தலைவரே. முட்டைக் கோழிக் குஞ்சுன்னு சொல்லித்தான் பாசார் மாலாமில ஒருத்தன் கொடுத்தான். இருபது குஞ்சு, ஒண்ணு ரெண்டு வெள்ளி. மூணு செத்துப் போச்சு. மிச்சம் பதினேழும் சேவல். தீனிக்கே எரநூறு வெள்ளிக்கு மேல போயிருக்கும். ஒரு முட்டையைக் கண்ணால பாக்கல."

அந்தக் காசு எந்தக் காசு என்பதுதான் விஷயம். புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போகிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். ஆனால் சம்பளம் வந்த கையோடு கடைக்கணக்கு, மோட்டார் தவணை, மாமியாருக்கு மருந்து என்று போய்விடுகிறது. முட்டை விற்றும் கோழி விற்றும் வருகிற காசுதான் அந்த அக்காவின் கையில் நிற்கிற காசு. மகளுடைய பள்ளிப் பஸ்ஸுக்கு மாதாமாதம் அதிலிருந்துதான் கட்டி வந்தார். போதாக்குறைக்கு, முட்டைக்கு அரசாங்கம் கொடுத்து வந்த உதவித் தொகையும் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் நின்று போனது. இனிமேல் வீட்டு முட்டைதான் என்று நம்பி, சேர்த்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து பஸ்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

குஞ்சு வாங்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டோம். "எல்லாம் மஞ்சளா, அழகா இருந்துச்சு" என்றார். அங்கேதான் ஏமாந்து போனார்.

கடையில் நாம் வாங்கும் பழுப்பு முட்டையைப் போடும் பண்ணைக் கோழி, இரண்டு சாதியைக் கலந்து உண்டாக்கியது. அந்தக் கலப்பில் பொரிக்கிற குஞ்சுகளைப் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கலாம். பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாக இருக்கும். சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாக, வெள்ளையாக இருக்கும். பெட்டை எல்லாம் முட்டைப் பண்ணைக்குப் போய்விடும். சேவல் முட்டை போடாது, கறிக்கோழி மாதிரி சீக்கிரம் சதை வைக்கவும் செய்யாது. பண்ணைக்காரனுக்கு அது வேண்டாத சுமை. உலகத்தில் பல இடங்களில் பொரித்த அன்றைக்கே அவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2022 முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். கொல்லாமல் மலிவாகத் தள்ளிவிடப்படும் குஞ்சுகள்தான் இப்படி அட்டைப் பெட்டியில் ஏறி வருகின்றன. மஞ்சளாக இருந்தாலே சேவல் என்று நினைத்துவிடவும் கூடாது. கறிக்கோழிக் குஞ்சு ஆணும் பெண்ணும் மஞ்சள்தான். ஆனால் "பழுப்பு முட்டை போடும் சாதி" என்று ஒருவன் சொல்லி, பெட்டி முழுக்க மஞ்சளாகவே வைத்திருந்தால், காசை மடியிலேயே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

நம் வீட்டுக் கம்பத்துக் கோழிக்கு இந்த நிறக் கணக்கு ஒத்து வராது. அது பல சாதியும் கலந்தது. கறுப்பும் வரும், வெள்ளையும் வரும், முதுகில் அணில் கோடு போட்டதும் வரும். பொரித்த அன்றைக்கு எது ஆண், எது பெண் என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பார் ஒருவர். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால், தலையைத் தூக்குவது சேவல், தொங்கவிடுவது பெட்டை என்பார் மற்றவர். பாவம் அந்தக் குஞ்சு!

முட்டையின் வடிவத்துக்கும் உள்ளே இருக்கும் குஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. ஓடு கட்டுவதற்கு முன்னாலேயே, தாய்க்கோழியின் வித்திலேயே அது முடிவாகிவிடுகிறது. கோழியில் ஆணா பெண்ணா என்பது தாயின் வித்தைப் பொறுத்தது. மனிதரில் அப்படியே தலைகீழ், தகப்பன் வித்தைப் பொறுத்தது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது என்று மருமகளை ஏசுகிற மாமியார்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஏசியே ஆக வேண்டும் என்றால் சொந்த மகனை ஏசட்டும்.

ஒரு நாள் குஞ்சைப் பிரித்துக் காட்டும் வித்தை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1920-களில் ஜப்பானில் மசூய், ஹாஷிமோத்தோ என்ற இரண்டு அறிஞர்கள் அதை ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். 1933-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்தது. குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கினால் உள்ளே கடுகிலும் சிறிய ஒரு மொட்டு தெரியும். அதை வைத்துச் சொல்வார்கள். தேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பார்த்து, நூற்றுக்கு 98 சரியாகச் சொல்லிவிடுவார். அந்தக் கை வருவதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாத கை பிதுக்கினால் குடல் வெளியே வந்து குஞ்சு செத்துப்போகும். வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம்.

சரி, அந்த அக்கா கதைக்கு வருவோம். பதினேழு சேவலையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அடைக்கோழியைக் கடன் வாங்கி, 13 முட்டை அடை வைத்தார். அதில் 11 பொரித்தன. நாம் அடுத்த கூட்டத்துக்குப் போனபோது குஞ்சுகளுக்கு இரண்டு நாள் வயது. அந்த லயத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் உண்டு. அவருடைய வித்தை மோதிர வித்தை. நூலில் மோதிரத்தைக் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிடுவார். வட்டம் சுற்றினால் பெட்டையாம், நேராக ஆடினால் சேவலாம். அக்கா பாட்டி சொல்வதைக் கேட்டு, சேவல் என்று வருவதை ஒரு மாதத்தில் சீனக் கடைத் தவுக்கேயிடம் விற்றுவிட்டு, பஸ் கடனை அடைப்பதாக இருந்தார்.

"பாட்டி, ஒரு பந்தயம் வச்சுக்குவோம்" என்றோம். பாட்டி மோதிரம் சேவல் என்று சொன்ன குஞ்சின் காலில் சிவப்பு நூல், பெட்டை என்று சொன்னதன் காலில் வெள்ளை நூல். கூட்டக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கையும் எழுதிக்கொண்டோம். சிவப்பு 6, வெள்ளை 5. மூன்று மாதம் ஒன்றையும் விற்கக் கூடாது என்று பேச்சு. இப்படி யாராவது நூல் கட்டினால் ஒன்றை மறக்காதீர்கள்: வாரத்துக்கு ஒரு முறை நூலை அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். கால் பருக்கப் பருக்க நூல் இறுகி, கால் வீங்கி, குஞ்சு நொண்டியாகிவிடும்.

மூன்று மாதம் பார்க்க வேண்டுமென்றால் குஞ்சு முதலில் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? முதல் நாலு வாரம்தான் கண்டம். தாயோடு இருக்கும் குஞ்சுக்குச் சூடு தாயே கொடுக்கும். முதல் பத்து நாள் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். வாங்கி வந்த குஞ்சுக்கு நாம்தான் தாய். முதல் வாரம் 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். நம் ஊர்ப் பகல் வெயிலில் பிரச்சினை இல்லை. ராத்திரி மழைதான் ஆளைக் கொல்லும். பழைய குண்டு பல்பு 40 வாட் ஒன்று தொங்கவிட்டால் போதும். இப்போது வீடுகளில் மாட்டியிருக்கும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. வெளிச்சத்தைப் பார்த்துக் கதகதப்பாக இருக்கும் என்று நினைத்து, விடியற்காலையில் பத்துக் குஞ்சை வாரிக் கொட்டியவர்களை நமக்குத் தெரியும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால், பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய கைலியில் சுற்றி, பெட்டிக்குள் வையுங்கள். நடு ராத்திரி ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சே சொல்லும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவிப் படுத்தால் சரி.

அடியில் உமி அல்லது மரத்தூள் போடுங்கள். பழைய பத்திரிகையை மட்டும் விரிப்பவர்கள் உண்டு. அது வழுக்கும். வழுக்கினால் பிஞ்சுக் கால் இரண்டும் இரு பக்கம் அகண்டு, குஞ்சு எழுந்து நிற்காது. பத்திரிகையைப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள்! தண்ணீரைத் தட்டமான தட்டில் வைத்து, நடுவில் நாலு கூழாங்கல் போடுங்கள். ஆழமான கிண்ணத்தில் வைத்தால் விழுந்து சாகும். தீனிக்கு நொய் மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு வளராது. முதல் ஒரு மாதத்துக்காவது கடையில் விற்கும் குஞ்சுத் தீனி கலந்து கொடுங்கள். காசு இல்லாவிட்டால் நம் பெரியவர்கள் செய்தபடி கரையான் புற்றை வெட்டி வந்து தட்டிப் போடுங்கள். அதைவிடச் சத்து எதிலும் இல்லை.

கரையானோ கீரையோ, எங்கிருந்து எடுத்து வருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த இடத்திலிருந்து ஒன்றும் எடுத்து வராதீர்கள். பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை. மருந்து வந்த காலித் தோம்பை வெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைப்பதை இரண்டு மூன்று தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அது விஷத் தோம்புதான். கோழிக்கு மட்டுமில்லை, அந்தக் கோழியின் முட்டையைத் தின்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மருந்து அடிக்கும் சகோதரிகள் வேலைத் துணியை மாற்றிக் கை கழுவிய பிறகு குஞ்சைத் தொடுங்கள். குஞ்சுக்கு முன்னால் உங்கள் சொந்தப் பிள்ளையைத் தூக்கும்போதும் அப்படித்தான்.

மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை எச்சத்தைக் கவனியுங்கள். ரத்தம் கலந்து இருந்தால் ஈரத்தில் வரும் ரத்தக் கழிச்சல். உடனே உமியை மாற்றிக் காய்ந்த இடத்தில் வைத்து, மருந்துக்குக் கால்நடை இலாகாவைக் கேளுங்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு லயத்துக் கோழி முழுவதும் ஒரு வாரத்தில் போய்விடும். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பு மருந்துதான். இந்த வகையில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1980-களில் செர்டாங்கில், அப்போது விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த இடத்தில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வெயில் தாங்கும் வி-4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். பிடித்து ஊசி போட முடியாத வீட்டுக் கோழிக்காகவே நடந்த வேலை அது. திடீரென்று கொத்துக் கொத்தாகச் செத்தால், அறுத்துச் சாப்பிடாதீர்கள், கால்வாயிலும் எறியாதீர்கள், கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தானிலும், 2006 பிப்ரவரியில் கோம்பாக்கிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவிலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது, அது தெரிந்தது வீட்டுக் கோழிகளில்தான்.

காக்கா, பருந்து, உடும்பு, மூசாங், பாம்பு என்று எதிரிகளுக்குக் குறைவில்லை. செம்பனைக்குள் எலிக்காகக் கூடு கட்டி விட்டிருக்கும் ஆந்தை மேல் பழி போடாதீர்கள், அது பெரும்பாலும் எலியைத்தான் பிடிக்கும். அக்காவின் குஞ்சில் ஒரு வெள்ளை நூலைக் காக்கா கொண்டு போனது. மிச்சம் 10.

நாலாவது வாரம் நாம் போனபோது வித்தியாசம் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பொதுவாகப் பெட்டைக்கு வாலும் முதுகும் முந்திச் சிறகு கட்டும். சேவல் குஞ்சு அந்த வயதில் வாலில்லாமல் மொட்டையாக, முதுகில் பஞ்சோடு திரியும். ஆனால் இதை மட்டும் வைத்து விற்றுவிடக் கூடாது.

ஆறாவது வாரத்தில் கொண்டையைப் பாருங்கள். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூத்ததையும் இளையதையும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். சேவலுக்குக் கொண்டை உயர்ந்து, சிவந்து, தாடியும் எட்டிப் பார்க்கும். பெட்டைக்கு அது சிறிதாக, வெளிறி இருக்கும். காலையும் பிடித்துப் பாருங்கள், சேவல் கால் தடிப்பு. அணில் கோட்டுக் குஞ்சாக இருந்தால் இன்னொரு அடையாளம் உண்டு. பெட்டைக்கு நெஞ்சு இளம் பழுப்பாக வரும். சேவலுக்கு நெஞ்சில் கறுப்புத் திட்டும், இறக்கையின் தோள் பக்கம் சிவப்பும் ஏறும். சண்டைக் கோழி ரத்தம் கலந்த குஞ்சுகளில் மட்டும் கவனம். அவற்றின் கொண்டை பட்டாணி மாதிரி ஒட்டிக் கிடக்கும். சேவலைப் பெட்டை என்று நினைத்து ஏமாறுவது அங்கேதான்.

சந்தேகமே இல்லாத அடையாளம் சிறகில் இருக்கிறது. 10 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் இடுப்புச் சிறகைத் தடவிப் பாருங்கள். வாலுக்கு முன்னால், முதுகு முடிகிற இடம். அங்கே சிறகு ஒல்லியாக, ஈட்டி நுனி போல் கூர்ந்து, பளபளவென்று தொங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. பிடரிச் சிறகும் இப்படியே. கொண்டை ஏமாற்றும், நிறம் ஏமாற்றும், இது ஏமாற்றாது. கால் முள்ளை நம்பாதீர்கள், வயதான பெட்டைக்கும் முள் வரும். கூவல் கேட்ட பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சேவல் வந்தால் நஷ்டம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், அதையும் வேறு வீட்டிலிருந்து மாற்றிக்கொள்வது நல்லது. அண்ணன் தங்கை சேர்ந்தால் வர வர குஞ்சு சோடை போகும். மற்ற சேவலைத் தீபாவளி வரை, அல்லது முனியாண்டி பூசை வரை வைத்திருங்கள். பூசைக்கு முந்திய வாரம் விற்கிற சேவலும், ஒரு மாதக் குஞ்சாகத் தவுக்கேயிடம் தள்ளுகிற சேவலும் ஒரே விலை ஆகாது. பெட்டையை அவசரப்பட்டு விற்பதுதான் பெரிய நஷ்டம். கம்பத்துப் பெட்டை வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டைதான் போடும், பண்ணைக் கோழி மாதிரி முந்நூறு போடாது. ஆனால் அடை படுத்துப் பொரித்துக் குஞ்சையும் வளர்த்துக் கொடுக்கும். பண்ணைக் கோழி அதைச் செய்யாது.

பதினாலாவது வாரம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனோம். லயமே கூடிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடித்து இடுப்புச் சிறகைப் பார்த்தோம். சிவப்பு நூல் ஆறில் சேவல் மூன்று, பெட்டை மூன்று. வெள்ளை நூல் நாலில் பெட்டை மூன்று, சேவல் ஒன்று. ஆக, பாட்டியின் மோதிரம் பத்துக்கு ஆறு சரி.

"பாதிக்கு மேல சரியாத்தானே வந்திருக்கு!" என்றார் பாட்டி.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் அஞ்சு சரியா வருமே பாட்டி."

"அந்த ஒண்ணு யார் சொன்னது? மோதிரம் சொன்னது" என்று பாட்டி உள்ளே போய்விட்டார். பாட்டியோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை. நிர்வாகத்தோடு பேசுவது சுலபம்.

அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் அந்த மூன்று சிவப்பு நூல் பெட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதக் குஞ்சாகத் தவுக்கே கூடைக்குப் போயிருக்க வேண்டியவை அவை.

போன மாதம் அந்தப் பக்கம் போனோம். ஆறு பெட்டையும் முட்டை வைக்கின்றன. பஸ் கடன் அடைந்துவிட்டதாம். சிவப்பு நூலில் ஒன்று அடுப்படிக்குப் பின்னால் பன்னிரண்டு முட்டையோடு அடை படுத்திருந்தது. கிட்டே போனதும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அக்கா பத்து முட்டையைப் பொட்டலம் கட்டி நீட்டினார். சும்மா வாங்க மனம் வரவில்லை. காசைக் கையில் வைத்துத்தான் வாங்கி வந்தோம்.